இலேசினால் கொள்ளாத கணினி: வளம் குறைந்த மொழிகளில் இயற்கைமொழி ஆக்கமும் ஆய்வாளரின் பணிவாழ்வும்

ஆய்வுச்சுருக்கம்

தரவுகளைக் கொண்டு கணினியே தொடர்களை அமைக்கும் துறை இயற்கைமொழி ஆக்கம் எனப்படுகிறது. வளம் குறைந்த மொழிகளில் இத்துறை வளர, எஞ்சாமல் வெளிப்பட எழுதப்பட்ட இலக்கண அறிவு முதன்மையாகத் தேவைப்படுகிறது. அவ்வறிவை உருவாக்கும் உழைப்பை ஆய்வெனக் கல்வி நிறுவனங்கள் ஏற்கவில்லையெனில், அதற்குரிய ஆய்வாளர்கள் இத்துறையில் நிலைக்க இயலாது. தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியில் நிகழ்ந்த ஆய்வுகளை முன்வைத்தும், தமிழ்ப் புணர்ச்சி விதிகளைச் சான்றாகக் கொண்டும் இக்கட்டுரை இக்கருத்தை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: இயற்கைமொழி ஆக்கம், வளம் குறைந்த மொழிகள், சூலு, புணர்ச்சி, புறனடை, ஆய்வு மதிப்பீடு.

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் இக்கட்டுரையாளர் தம் ஆய்வின் ஒரு பகுதியை முன்வைத்தார். வேற்றுமை உருபேற்கும் தமிழ்ப் பெயர்ச்சொல் வடிவங்களைக் கணினி பிழையின்றி உருவாக்குவதற்கான விதித்தொகுப்பு அது. உரை முடிந்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர், “இவை யாவும் நன்னூலில் உள்ளனவே, இதில் ஆய்வு எங்கே?” என வினவினார். அதே ஆண்டில் கணினித்துறை ஆய்வுக்குழு ஒன்று, கணினி எழுதிய தொடர்களைத் திருத்தித் தருமாறு கேட்டது. தொடர் ஒன்றுக்கு இவ்வளவு எனத் தொகையும் குறித்தது. வெளிவரும் கட்டுரையில் ஆசிரியர் வரிசையில் பெயர் இடம்பெறுமா என்று கேட்டதற்கு, நன்றியுரையில் இடம்பெறும் என மறுமொழி வந்தது.

ஒரே உழைப்பு ஒரு துறையினருக்குப் பழையதாகவும் மற்றொரு துறையினருக்குக் கூலிவேலையாகவும் தோன்றியது. இது ஒருவரின் தனிப்பட்ட குறையாக மட்டும் இருந்தால் ஆய்விதழில் எழுதத்தக்கதன்று. வளம் குறைந்த மொழிகளுக்கான இயற்கைமொழி ஆக்கத்தில் ஈடுபட விழையும் எந்த மொழியியல் மாணவரும், இலக்கண மாணவரும் எதிர்கொள்ளக்கூடிய நிலை இது. ஆதலின் அதன் காரணங்களை ஆராய்வது தேவையாகிறது.

வளம் என்பது யாது

இயற்கைமொழி ஆக்கம் புதிய துறையன்று. வானிலைத் தரவுகளிலிருந்து ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அறிக்கை எழுதும் கணினி அமைப்பு கனடாவில் 1990களின் தொடக்கத்திலேயே பயன்பாட்டுக்கு வந்தது. எஹுட் ரைட்டரும் ராபர்ட் டேலும் எழுதிய அடிப்படைப் பாடநூல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. என்ன சொல்வது, எவ்வரிசையில் சொல்வது, எச்சொல்லால் சொல்வது, அச்சொல்லை எவ்வடிவில் நிறுத்துவது என அந்நூல் வகுத்துக்காட்டிய பணிகளுள் இறுதியானது, சொல்லியலும் தொடரியலும் அறிந்தோர்க்கு உரியது.

ஆங்கிலத்தில் அவ்விறுதிப் பணி ஒப்பீட்டளவில் எளிது. தொடரில் வெற்றிடம் விட்டு அவ்விடத்தில் பெயரை இட்டு நிரப்பினாலே பெரும்பாலும் போதும். பெயர்ச்சொல் வடிவம் மாறாது, முன்னிடைச்சொல்லும் மாறாது. இவ்வழக்கம் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவெனக் கொள்ளப்பட்டதில்தான் இடர் தோன்றியது.

‘வளம் குறைந்த மொழி’ என்னும் தொடர், பேசுவோர் குறைந்த மொழி என்றோ இலக்கியம் குறைந்த மொழி என்றோ பொருள்படாது. கணினி கற்பதற்கேற்ற மின்வடிவத் தரவும் கருவிகளும் குறைந்த மொழி என்பதே அதன் பொருள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இந்திய ஆய்வகத்தைச் சேர்ந்தோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, உலக மொழிகளை அவற்றின் தரவு வளத்தைக் கொண்டு 0 முதல் 5 வரை ஆறு வகுப்புகளாகப் பிரித்தது. ஆங்கிலம் ஐந்தாம் வகுப்பிலும் தமிழ் மூன்றாம் வகுப்பிலும் சூலு இரண்டாம் வகுப்பிலும் இடம்பெற்றன. தென்னாப்பிரிக்க மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சூலுவே வீட்டுமொழி. அது அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றும் ஆகும். ஆள்வளமும் அரசேற்பும் உள்ள மொழியும் கணினி முன் வறியதாக நிற்கக்கூடும் என்பதற்கு அதுவே சான்று.

மாணவரும் ஆறும்: சூலு மொழி காட்டும் பாடம்

கேப் டவுன் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையைச் சேர்ந்த மரியா கீட், குவாசூலு-நடால் பல்கலைக்கழக மொழியியலாளர் லாங்கா குமாலோ ஆகிய இருவரும் 2014இல் சூலு மொழியாக்கம் பற்றிய தம் முதற் கட்டுரைகளை வெளியிட்டனர். ‘ஒவ்வொரு அதுவும் இது செய்யும்’ என்னும் வகையிலான மிக எளிய அறிவுத் தொடர்களைச் சூலுவில் கணினி அமைக்க வேண்டும் என்பதே அவர்களின் குறிக்கோள். வெற்றிடம் நிரப்பும் முறை அங்குத் தொடக்கத்திலேயே தோற்றது.

சூலுவில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்து நிற்கின்றன. அவ்வகுப்புக்கு ஏற்பவே வினையும் அடையும் எண்ணுப்பெயரும் இயைகின்றன. ‘எல்லா’ என்னும் ஒரு சொல்லே மாணவர்க்கு ‘போன்கே’ எனவும், ஆறுகளுக்கு ‘யோன்கே’ எனவும், நாய்களுக்கு ‘சோன்கே’ எனவும் வரும். திணையும் பாலும் வினைமுற்றில் இயைவதைக் கற்ற தமிழ் மாணவருக்கு இது வியப்பளிக்காது. சூலுவில் அவ்வியைபு பெயரடை வரை நீள்கிறது என்பதே வேறுபாடு.

உயிர்ப் புணர்ச்சியும் அங்கு உண்டு. ‘உடன்’ எனப் பொருள்படும் ‘நா’ என்னும் ஒட்டு, ‘உம்ஃபுந்தி’ என்னும் சொல்லோடு சேர்ந்து ‘நோம்ஃபுந்தி’ ஆகும். ‘இன்ஜா’ என்பதோடு சேர்ந்து ‘நென்ஜா’ ஆகும். அகரமும் உகரமும் ஓகாரமாகவும், அகரமும் இகரமும் ஏகாரமாகவும் திரியும் குணசந்தியைச் சூரியோதயம், நரேந்திரன் என்னும் சொற்களில் கற்றவர்க்கு இதுவும் அறிமுகமானதே.

பன்மையாக்கத்திலேதான் பெருஞ்சிக்கல் எழுந்தது. ‘உம்ஃபுந்தி’ என்பது மாணவர். அதன் பன்மை ‘அபாஃபுந்தி’. ‘உம்ஃபூலா’ என்பது ஆறு. அதன் பன்மை ‘இமிஃபூலா’. இரண்டும் ‘உம்’ என ஒரே வடிவில் தொடங்குகின்றன. எனினும் ஒன்று மக்களைக் குறிக்கும் வகுப்பைச் சேர்ந்தது, மற்றொன்று வேறு வகுப்பைச் சேர்ந்தது. எழுத்தை மட்டும் நோக்கும் கணினியால் இவற்றை வேறுபடுத்த இயலாது. ஜோன் பியாமுகிஷா, கீட், குமாலோ ஆகிய மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, வடிவத்தோடு பொருளையும் சேர்த்து நோக்கினாலன்றிப் பன்மையாக்கம் திருந்தாது என்பதைக் காட்டியது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. சூலுவுக்கு இலக்கணம் இல்லாமலில்லை. கிளமென்ட் டோக் எழுதிய விரிவான இலக்கணம் 1927இலேயே வெளிவந்துவிட்டது. எனினும், கற்போர்க்கென எழுதப்பட்ட நூலிலிருந்து கணினி இயக்கத்தக்க விதியைப் பெறுவது படியெடுக்கும் வேலையாக அமையவில்லை. ஒவ்வொரு விதியையும் மீண்டும் தாய்மொழியாளரிடம் சோதித்து, விலக்குகளைத் தேடி, வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. 2014இல் தொடங்கிய பணியின் விரிவான வடிவம் 2017இல்தான் ஆய்விதழ்க் கட்டுரையாக வெளிவந்தது. அதுவும் மொழியின் ஒரு சிறுபகுதியையே தழுவியது.

பணிவாழ்வு என்னும் நோக்கில் இவ்வரலாறு மேலும் பயன் தருவது. இக்கட்டுரைகளில் கணினி அறிஞரும் மொழியியலாளரும் இணையாசிரியராக நின்றனர். குமாலோ பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் தேசிய மின்மொழி வள மையத்துக்குச் செயல் இயக்குநரானார். உகாண்டாவைச் சேர்ந்த பியாமுகிஷா, சூலுவுக்கு வகுத்த முறைகளைத் தம் நாட்டின் ருன்யன்கோரே மொழிக்கு மாற்றியமைத்து, அவ்வாய்வையே தம் முனைவர் பட்டத்துக்கு உரியதாக்கினார். ஒரு மொழியின் இலக்கணத்தைக் கணினிக்கு விளங்க எழுதுவது, அங்குப் பட்டமும் பதவியும் பெறத்தக்க ஆய்வாக ஏற்கப்பட்டது.

தமிழில் ஆறும் பிளேடும்

மேற்கண்ட சிக்கல் தமிழில் வேறு வடிவில் எழுகிறது. ‘இவ்விடத்துக்கு மழை எச்சரிக்கை’ என்னும் தொடரில் ஊர்ப்பெயரையோ பொதுப்பெயரையோ இட்டு நிரப்பினால், கணினி ‘மரம்க்கு’, ‘வீடுக்கு’ என்றெல்லாம் எழுதிவிடும். மரத்துக்கு, வீட்டுக்கு, ஊருக்கு, பசுவுக்கு, கண்ணனுக்கு என ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் உருபேற்கிறது. சாரியை வருவதும், ஒற்று இரட்டுவதும், உடம்படுமெய் தோன்றுவதும் சொல்லின் ஈற்றைப் பொறுத்தவை.

நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களில் டகர றகர ஒற்று இரட்டும் என்பது நாம் அறிந்த விதி. வீடு, வீட்டை எனவும் வயிறு, வயிற்றை எனவும் வரும். காது என்பதில் தகரம் இரட்டாது. இவ்விதியைக் கணினிக்கு எழுதுவது எளிது. கடன்சொற்கள் வரும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. ‘ரோடு’ என்பது ‘ரோட்டில்’ என விதிப்படி இரட்டுகிறது. ‘போர்டு’ இடைத்தொடராதலின் ‘போர்டில்’ என விதிப்படியே இரட்டாமல் நிற்கிறது. ஆனால் ‘பிளேடு’ உயிர்த்தொடராக இருந்தும் ‘பிளேடால்’ என்றே வழங்குகிறது. ‘பிளேட்டால்’ என எவரும் எழுதுவதில்லை. யாழ்ப்பாண வழக்கில் ‘றோட்டு’ என்பதே எழுவாய் வடிவமாதலின் அங்கு இவ்வினாவே எழாது.

ரோடு ஏன் இரட்டியது, பிளேடு ஏன் இரட்டவில்லை? புகுந்த காலத்தின் முன்பின்னா, புழக்கத்தின் மிகுதியா, வேறு பொருளுடைய சொல்லோடு மயங்காமை வேண்டியா? இவ்வினாக்களுக்கு நன்னூலில் விடை இருக்க இயலாது. நாளிதழ்த் தரவையும் வட்டார வழக்கையும் தொகுத்தே விடை காண வேண்டும்.

சூலுவில் மாணவரையும் ஆற்றையும் பிரித்தறிய இயலாமல் கணினி நின்றது போல, தமிழிலும் அது ஆற்றங்கரையில் தயங்குகிறது. ‘ஆற்றைக் கடந்தான்’ என்பதில் நீரோடும் ஆறு இரட்டுகிறது. ‘பத்திலிருந்து ஆறைக் கழிக்க’ என்னும் இக்கால வழக்கில் எண்ணுப்பெயராகிய ஆறு இரட்டாமல் நிற்கிறது. இரண்டும் எழுத்தால் ஒன்றே. பொருளறியாமல் வடிவம் அமைக்க இயலாது என்னும் உண்மையை இரு மொழிகளும் ஒருசேரக் காட்டுகின்றன.

இலேசும் புறனடையும்

‘இவை யாவும் நன்னூலில் உள்ளன’ என்னும் கூற்றுக்கு இங்கு விடை காணலாம். மரபிலக்கணம் மொழியறிந்த மாணவரை நோக்கி இயற்றப்பட்டது. ஆகவே அது சுருங்கச் சொல்கிறது, எஞ்சியவற்றைப் புறனடையால் தழுவிக்கொள்கிறது. ‘பிறவும் அன்ன’ என முடிக்கும் உரிமை அதற்கு உண்டு. நூற்பாவில் மிகையாக நின்ற ஒரு சொல்லைக் கொண்டு, கூறாத முடிபுகளையும் இலேசினால் கொள்ளும் உரிமை உரையாசிரியருக்கு உண்டு. மாணவரின் மொழியறிவை நம்பி எழுதப்பட்ட அந்நெறி, மரபின் குறையன்று. அதன் நுண்மையே ஆகும்.

கணினிக்கு நம்பத்தக்க மொழியறிவு ஏதுமில்லை. அதனிடம் ‘பிறவும்’ என்று சொல்ல இயலாது. எவை பிற என்பதை ஒவ்வொன்றாக எண்ணிக்காட்ட வேண்டும். எவ்விதி முந்தும், எது பிந்தும், இரண்டு விதிகள் மோதினால் எது நிற்கும் என வரையறுக்க வேண்டும். இலேசினால் கொள்ளப்பட்ட ஒவ்வொன்றும் வெளிப்படையான விதியாதல் வேண்டும். புறனடையைப் பிரித்து எழுதும் இப்பணி, உரையாசிரியர் மரபின் தொடர்ச்சியாகவே கருதத்தக்கது. நூற்பா தன் காலத்து வழக்கோடு எங்கெங்குப் பொருந்துகிறது, எங்கெங்கு விலகுகிறது என்று காண்பதே உரையாசிரியர்களும் செய்தது.

இத்தகைய முயற்சிகள் தமிழில் இல்லாமலில்லை. ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையத்தினர் 2009இல் மெட்டுக்கேற்பத் தமிழ்ப் பாடல்வரி அமைக்கும் முறையொன்றை வெளியிட்டனர். குறில், நெடில், மெய் என்னும் யாப்பியல் பகுப்பே அதற்கு அடிப்படை. கெங்காதரையர் சர்வேஸ்வரனும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ‘தமிழிமார்ஃப்’, தமிழ்ச் சொற்களைப் பகுக்கும் கருவியாகும். இலக்கண அறிவும் கணினி அறிவும் இணைந்தபோது மட்டுமே இவை இயன்றன.

பேரளவு மொழி மாதிரிகள் வந்த பின்னர்

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பேரளவு மொழி மாதிரிகள் இன்று விதி எதுவும் எழுதித்தராமலேயே சரளமான தமிழ்த் தொடர்களை அமைக்கின்றன. அவ்வாறிருக்க, ரோட்டையும் பிளேடையும் ஆராய்ந்து காலம் கழிப்பது ஏன்? இத்தடை வலுவுடையது. விதிவழி அமைப்பால் சிறுகதை எழுத முடியாது. அதன் எல்லை குறுகியது. எனினும் மூன்று காரணங்களால் இப்பணி தேவையற்றதாகிவிடவில்லை.

முதலாவது, பிழைக்கு இடமில்லாத எழுத்துகள் பல உள்ளன. மருந்தின் அளவைக் கூறும் குறிப்பு, புயல் எச்சரிக்கை, ஓய்வூதிய அறிவிக்கை போன்றவற்றில் சரளத்தைவிட வழுவாமையே முதன்மை. தரவில் இல்லாததைச் சேர்த்துச் சொல்லும் இயல்பு மொழி மாதிரிகளுக்கு உண்டு. விதிவழி அமைப்பு தனக்குத் தரப்பட்டதையே சொல்லும்.

இரண்டாவது, மதிப்பீடு. இந்திய மொழிகள் பதினொன்றுக்கு 2022இல் வெளியான ‘இண்டிக் என்.எல்.ஜி.’ தரவுத்தொகுதி, வாழ்க்கைக்குறிப்பு எழுதுதல், செய்தித் தலைப்பிடுதல் உள்ளிட்ட ஐந்து பணிகளைத் தமிழுக்கும் வழங்குகிறது. இத்தகைய பணிகளில் கணினி எழுதியதை மாதிரித் தொடரோடு சொற்சொல்லாக ஒப்பிட்டு மதிப்பிடுவது பெருவழக்கு. அம்முறையில் ‘வந்து கொண்டிருந்தான்’, ‘வந்துகொண்டிருந்தான்’ என்னும் இரண்டும் வேறுவேறாக எண்ணப்படும். எழுத்தளவில் ஒப்பிட்டாலோ, பால்வழுவாகிய ‘வந்தாள்’ ஓரெழுத்துப் பிழையாகச் சிறுத்துவிடும். வாழ்க்கைக்குறிப்பில் ‘பிறந்தான்’ என வருவது இலக்கணப்படி வழுவன்று, ஆயினும் வழக்கில் மரியாதைக் குறைவு. எதை வழுவென்பது, எதை வழாநிலையென்பது, எதை வழுவமைதியென்பது எனப் பகுத்துரைக்கத் தமிழ் பயின்றவரே தேவை.

மூன்றாவது, நம் அண்டை மொழிகள். தோடா மொழிக்கு எமனோ எழுதிய இலக்கணமும், இருளர் மொழிக்குக் கமில் சுவலபில் எழுதிய ஆய்வும் நமக்குண்டு. மாதிரிகள் கற்கத்தக்க பெருந்தரவு அம்மொழிகளுக்கு இல்லை. சூலுவிலிருந்து ருன்யன்கோரேவுக்கு விதிகளைக் கொண்டுசென்றது போல, தமிழ் விதிகளை இருளர் மொழிக்கு மாற்றியமைக்க இயலுமா என்பது ஆராயத்தக்க வினா. அதற்கு முன்பாகத் தமிழ் விதிகள் கொண்டுசெல்லத்தக்க வடிவில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எண்ணப்படாத உழைப்பு

இப்பணியில் ஒருவர் பத்தாண்டுகளைச் செலவிட்டால் அவருடைய பணிவாழ்வு எவ்வாறு அமையும்? பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் வகுத்த ஒழுங்குமுறையின் மதிப்பெண் அட்டவணை, மொழிப்புலத்தில் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றுக்கு 10 மதிப்பெண்ணும் அறிவியல், பொறியியல் புலங்களில் 8 மதிப்பெண்ணும் வழங்கியது. நூல், மொழிபெயர்ப்பு, காப்புரிமை, இணையவழிப் பாடம் ஆகியவற்றுக்கும் அதில் இடமுண்டு. சொல்வடிவத் தொகுதிக்கோ, குறியிடப்பட்ட தரவுக்கோ, எவரும் பயன்படுத்தத்தக்க திறந்த மென்பொருளுக்கோ தனி இடம் இல்லை. கணினிமொழியியலில் முதன்மையான ஆய்வுகள் மாநாட்டுத் தொகுப்புகளில்தான் வெளிவருகின்றன. மேற்கூறிய அட்டவணையிலோ மாநாட்டுக் கட்டுரை ஆய்விதழ்க் கட்டுரைக்குக் கீழானது.

விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. ஐந்தாயிரம் பெயர்ச்சொற்களின் வடிவங்களைச் சரிபார்த்து வெளியிடுபவரைவிட, அத்தொகுதியின் தேவை பற்றி ஐந்து கட்டுரைகள் எழுதுபவர் மிகுந்த மதிப்பெண் பெறுவார். பொறியியற் பட்டம் இல்லாத தமிழ் மாணவருக்குக் கணினித்துறைக் கதவு திறவாது. தமிழ்த்துறைத் தேர்வுக்குழுவோ அவருடைய ஆய்வைத் தமிழாய்வுதானா என ஐயுறும். இவ்விரு வாயில்களுக்கும் இடையே நிற்கும் இளையோர், தரவு திருத்தும் ஒப்பந்தப் பணிகளுக்குச் செல்கின்றனர். அங்கு அவர்களின் இலக்கண அறிவு பயன்படுகிறது. அதற்குப் பெயரில்லை, தொடர்ச்சியும் இல்லை.

குறை முழுவதையும் நிறுவனங்கள்மேல் ஏற்றுவதும் நேர்மையாகாது. நிரல் எழுதும் அடிப்படைப் பயிற்சியைக்கூட முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டத்தில் நாம் வற்புறுத்திக் கேட்கவில்லை. இக்கட்டுரையாளர் தம் ஆய்வின் முதலாண்டு முழுவதையும் அதைக் கற்பதிலேயே செலவிட நேர்ந்தது. தொல்காப்பியம் கணினிக்கென்றே இயற்றப்பட்டது போன்றது என மேடைகளில் பெருமை பேசப்படுகிறது. அப்பெருமையை ஒரு விதியளவிலேனும் இயக்கிக் காட்டினால் மட்டுமே அது ஆய்வாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கோரிக்கைகள் எழுகின்றன. முதலாவதாக, சோதித்துச் சரிபார்க்கப்பட்ட விதித்தொகுப்பையோ மொழித்தரவையோ மையமாகக் கொண்ட முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தமிழ்த்துறைகள் ஏற்க வேண்டும். அதை மதிப்பிட இலக்கண அறிஞர் ஒருவரும் கணினிமொழியியலார் ஒருவரும் அமர வேண்டும். இரண்டாவதாக, தொல்லிலக்கியச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பதைப் பேராய்வாக மதிக்கும் நாம், மொழித்தரவை ஒப்பிட்டுத் தொகுத்து வெளியிடுவதையும் பதிப்புப் பணிக்கு நிகராக எண்ண வேண்டும். மூன்றாவதாக, கணினித்துறையோடு கூட்டாய்வு மேற்கொள்ளும்போது இலக்கண அறிவு வழங்குவோரின் பெயர் ஆசிரியர் வரிசையில் இடம்பெறும் என்பதைப் பல்கலைக்கழகங்கள் தொடக்கத்திலேயே எழுத்துவழி உறுதிசெய்ய வேண்டும். சூலு ஆய்வில் இது இயன்றது. இங்கும் இயலும்.

கருத்தரங்கில் எழுந்த அவ்வினாவுக்கு அன்று உரிய மறுமொழி கூற இக்கட்டுரையாளரால் இயலவில்லை. இன்று கூற இயலும். நன்னூல் கூறியவற்றைக் கணினிக்கு எழுதுவது உழைப்பு. நன்னூலார் புறனடையில் விட்டுச்சென்றவை எவை, அவர் காலத்துக்குப் பின் வந்துசேர்ந்தவை எவை என எண்ணிக்காண்பது ஆய்வு. அவ்வெண்ணிக்கை இன்னும் முடியவில்லை. அதை முடிக்கவல்லோர் நம் வகுப்பறைகளில்தான் பயில்கின்றனர். அவர்கள் இத்துறையில் நிலைப்பதும் வேறு பிழைப்புத் தேடிச் செல்வதும், இவ்வுழைப்பை நாம் எப்பெயரால் அழைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.